வண்டிக்குள் சொட்டும் தண்ணீர்



ஒரு தைப்பூசத்தன்று நாங்கள் குடும்பத்தோடு பினாங்குத் தண்ணீர்மலைக்கு எங்கள் பழைய வேனில் புறப்பட்டோம். பாலத்தைக் கடந்து ஜார்ஜ்டவுனுக்குள் நுழைந்ததும் ஒரே நெரிசல். நல்ல வெயில். குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்திருந்தோம். முன்னிருக்கையில் இருந்த பாட்டி, "காலெல்லாம் ஈரமாக இருக்கிறதே!" என்றார். குனிந்து பார்த்தால், டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அர்ச்சனைப் பை நனைந்துவிட்டது.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினோம். உள்ளே இருக்கும் குளிர்ச்சுருளையே மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை எங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவு. கலங்கி நின்றபோது, தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "வாத்தியாரே, வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்" என்றார். பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட இல்லை. கோளாறு அங்கேதான் இருந்தது.

இதை விளங்கிக்கொள்வோம். ஐஸ் போட்ட தேநீர்க் குவளையின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் அரும்புகிறதே, அது குவளையிலிருந்து கசிந்ததன்று; காற்றில் இருந்த ஈரம். வண்டியின் குளிர்ச்சுருளிலும் இதுவே நடக்கிறது. 1902-ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் என்பவர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்குக் குளிர்சாதனம் வடிவமைத்ததே, காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். கடல் சூழ்ந்த பினாங்கிலோ காற்றில் ஈரம் அதிகம். சுருளில் சேரும் நீர் ஒரு தட்டில் விழுந்து, சிறு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். ஆகவே, அடியில் தெளிந்த நீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். அந்தக் குழாய் அடைபட்டால் தட்டு நிரம்பி, நீர் நம் காலடிக்கு வந்துவிடும்.

உள்ளே ஈரம் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, எப்போது நனைகிறது? மழை பெய்தபின் அல்லது வண்டியைக் கழுவியபின் மட்டும் என்றால், முன்கண்ணாடி ஓரத்து ரப்பரையும், கண்ணாடிக்குக் கீழே இலைதழை அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். தைமாதம் பினாங்கில் மழை குறைந்த காலம். எங்கள் வேன் நனைந்ததற்கு மழை காரணமன்று.

இரண்டாவது, நீர் எப்படி இருக்கிறது? நிறமும் மணமும் இல்லையென்றால் குளிர்சாதன நீர். நிறத்தோடு பிசுபிசுத்து இனிப்பு வாடை அடித்தால், அது இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீராக இருக்கலாம். அது நஞ்சு, நாவில் வைக்கக் கூடாது. பிள்ளைகளை அண்டவிடாமல், பட்டறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

மூன்றாவது, காற்று குறைகிறதா? குறைந்தால் சுருளில் பனிக்கட்டி படிந்திருக்கலாம். அது உருகும்போதும் நீர் கொட்டும். காற்று வடிகட்டியில் தூசி அடைந்திருக்கலாம்; வாயு குறைந்திருக்கலாம். வடிகட்டியை நாமே பார்க்கலாம். வாயுவைப் பட்டறையில்தான் பார்க்க வேண்டும்.

வெயில் நாளில் சமதரையில் வண்டியை நிறுத்தி, குளிர்சாதனத்தைக் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே நனைந்து, அடியில் சொட்டாவிட்டால், பெரும்பாலும் குழாய் அடைப்புத்தான். இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, குழாயின் வெளிமுனையிலிருந்து அழுக்கை மெதுவாக எடுக்கலாம். கூரான கம்பியை ஆழமாகக் குத்தினால் சுருள் ஓட்டையாகிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகவே கூடாது; அது உயிருக்கு ஆபத்து.

பெரியவர் அப்படித்தான் செய்தார். ஒரு கட்டி மண்ணும் மக்கிய இலையும் விழுந்தன. பின்னாலேயே தேங்கிய நீர் கொட்டியது. செலவு ஒரு காசும் இல்லை. நனைந்த விரிப்பை மட்டும் கழற்றி வெயிலில் உலர்த்தினோம். விட்டிருந்தால் தகடு துருப்பிடித்து, பூஞ்சை படர்ந்திருக்கும்.

எல்லாக் கோளாறும் இப்படி எளிதில் தீர்ந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. காரணத்தைத் தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போனால், உழைத்த காசு வீணாகாது. அடுத்த பயணத்துக்கு முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.