புதுசா வந்திருக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு...

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஐடி விங் புதிய உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



ஐடி விங்ல சேர்ந்தாச்சு, இனி மீம் போடணும், ட்ரெண்ட் பண்ணணும்னு நினைச்சுத்தான் நிறைய பேர் வந்திருப்பீங்க. நானும் இன்ஜினியரிங் முடிச்ச கையோட அப்படித்தான் வந்தேன். முதல்ல ரெண்டு கணக்கு சொல்றேன்.

2016 சட்டமன்றத் தேர்தல், காட்டுமன்னார்கோயில். தொல்.திருமாவளவன் தோற்றது வெறும் 87 ஓட்டுல. 2019 நாடாளுமன்றத் தேர்தல், சிதம்பரம் தொகுதி. அதே திருமாவளவன் ஜெயிச்சது 3,219 ஓட்டுல. நம்ம குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் மூணும் அந்தத் தொகுதிக்குள்ளதான் வருது. மொத்தம் ஆறு சட்டமன்றத் தொகுதி. 3,219-ஐ ஆறால வகுத்தா ஒரு தொகுதிக்கு சுமார் 537. ஒவ்வொண்ணுலயும் 200 பூத்துக்கு மேல. அப்போ ஒரு பூத்துக்கு மூணு ஓட்டு கூட இல்ல!

அந்த மூணு ஓட்டு உங்க தெருவுலதான் இருக்கு.

2021-ல நான் ராத்திரி பகலா போஸ்ட் போட்டேன். வேப்பந்தட்டையில இருந்து செந்துறைக்குக் கட்டிக்கொடுத்த எங்க அக்காவோட பேரை மாத்தணும்னு எனக்குத் தோணவே இல்ல. கைக்குழந்தையோட அவங்களால ஊருக்கு வர முடியல. ஒரு ஓட்டு போச்சு. தப்பு என்னோடது.

அதனால இந்த நாலு விஷயத்தை மனசுல வைங்க:

▪️ படிவம் 6 - புதுசா பேர் சேர்க்க. 17 வயசு முடிஞ்சாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ம் தேதிகள்ல 18 நிறைஞ்சிருக்கான்னு பார்ப்பாங்க.
▪️ படிவம் 7 - இறந்தவங்க, இடம் மாறினவங்க பேரை நீக்க.
▪️ படிவம் 8 - முகவரி மாற்ற, பிழை திருத்த. கல்யாணமாகிப் போன அக்கா, தங்கச்சிகளுக்கு இதுதான்.
▪️ படிவம் 17சி - ஓட்டுப்பதிவு முடிஞ்சதும் பூத்துல பதிவான ஓட்டுக் கணக்கு. நம்ம ஏஜென்ட் கையில இது இல்லாம வெளிய வரக்கூடாது.

இன்னொண்ணு. எதிர்க்கட்சிக்காரங்க வீட்டுப் பொம்பளைங்களை இழுத்துப் பேசி ஒரு பதிவு கூட நம்ம பக்கம் வரக்கூடாது. உறுதி தெரியாத ஃபார்வர்டை அனுப்பாதீங்க. அவரும் நாளைக்கு நாம ஓட்டுக் கேட்டுப் போற வீட்டுக்காரர்தான்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் போனை வச்சுட்டு, உங்க பூத் வாக்காளர் பட்டியலை எடுங்க. முதல்ல உங்க வீட்டுப் பேரைப் பாருங்க. அப்புறம் பக்கத்து வீடு.