பின்பக்கத்தில் ஒரு புடவை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "உன் கான்கிரீட்டைப் பற்றிப் பேசிடாதேப்பா. அதைப் பேச இங்கே நூறு பேர் இருக்காங்க. அந்தப் பழைய பேப்பர் சமாசாரம் இருக்கே, அதைப் பேசு" என்றார். அவர் சொன்ன பழைய பேப்பர் சமாசாரம் இதுதான்: பழைய பத்திரிகைகளில் வந்த உடை, அலங்கார விளம்பரங்களை நான் சேர்த்து வருகிறேன். பட்டுப்புடவை, ஜாக்கெட் துணி, ஸ்நோ, பவுடர், சோப்பு, கண் மை, கூந்தல் தைலம் எல்லாம் அதில் உண்டு. ஒரு சிவில் என்ஜினீயருக்கு இது எதற்கு என்று கேட்காதவர்கள் என் உறவில் யாரும் இல்லை. மாம்பலத்துப் பழைய பேப்பர் கடை அண்ணாச்சிகூட, "தம்பி, வீட்ல தங்கச்சிக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

மயிலாப்பூரில் பல வீடுகளில் நடந்த ஒரு காரியம் எங்கள் வீட்டிலும் நடந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த என் பாட்டி கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்தார். பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டுத் தைத்தும் வாங்கிவிட்டார். மீதிப் பத்திரிகை அடுப்பு மூட்டவும் அலமாரித் தட்டில் விரிக்கவும் போயிற்று. இன்றைக்கு அந்தக் கதை எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் பாட்டியின் வால்யூமில் அத்தியாயம் முடிகிற தாளைத் திருப்பினால், பின்பக்கத்தில் ஒரு புடவைக் கடை; இன்னொரு தாளில் முகத்துக்கு ஸ்நோ பூசிக்கொள்ளும் ஒரு பெண். அவற்றை யாரும் மறுபதிப்புப் போடவில்லை. பாட்டி அவற்றைக் காப்பாற்ற நினைக்கவும் இல்லை. கதையின் முதுகில் ஏறி வந்துவிட்டன, அவ்வளவுதான்.

பல நூலகங்களில் இதற்கு நேர்மாறு. பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் உருவி எறிந்துவிட்டுத்தான் தைப்பார்கள். தடிமன் குறையும், செலவும் குறையும். ஐம்பது வருஷப் பத்திரிகை வரிசையாக நிற்கும். அந்த ஐம்பது வருஷத்தில் என்ன புடவை என்ன விலைக்கு விற்றது என்று பார்க்கப் போனால் ஒன்றும் இருக்காது.

அந்தத் தாள்களை அலட்சியமாக நினைக்க நியாயமே இல்லை. பத்திரிகையை நடத்தியதே அவைதான். எஸ்.எஸ். வாசன் பத்திரிகை உலகத்துக்குள் வந்ததே விளம்பரம் சேகரிப்பவராகத்தான். 1926-இல் தொடங்கிய 'ஆனந்த விகடன்' தடுமாறியபோது, 1928-இல் அவர் அதை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் என்று ஒரு கதை சொல்வார்கள். அதே 1928-இல்தான் தி.நகரில் நல்லி சின்னசாமி செட்டியார் தம் பட்டுக்கடையைத் தொடங்கினார். பத்திரிகையும் பட்டுக்கடையும் ஒரே ஊரில் ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள். வெளியூர்ச் சரக்கும் வந்தது. பம்பாயில் 1919-இல் தொடங்கிய ஆப்கன் ஸ்நோ வந்தது. 1941-இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் தோன்றினார். லக்ஸுக்கு முகம் கொடுத்த முதல் இந்திய நடிகை அவர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் காலத்துப் புடவை விளம்பரம். அச்சு கறுப்பு வெள்ளை. விற்பதோ கலர். என்ன செய்வார்கள்? வார்த்தையாலேயே சாயம் போடுவார்கள். மயில் கழுத்து, வாடாமல்லி, அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு! படித்த மாத்திரத்தில் கண்ணுக்கு நிறம் வந்துவிடும். காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்த நீலம் 'எம்.எஸ். ப்ளூ' ஆகி, இன்றைக்கும் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் எடுத்துப் போடுகிறார்கள். இப்போது கலரிலேயே அச்சடிக்கிறோம். நிறத்துக்குப் பெயர் சொல்ல ஆளில்லை.

படங்களும் பெரும்பாலும் கையால் வரைந்தவை. கதைக்குப் படம் போட்டால் ஓவியர் கையெழுத்துப் போடுவார்; விளம்பரத்துக்குப் போட்டால் பெயர் இருக்காது. விகடனில் நீண்ட காலம் வரைந்த கோபுலுவே 1960-களில் விளம்பரத் துறைக்குப் போய், 1972-இல் 'ஆட் வேவ்' என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். பெயரில்லாத எத்தனை விளம்பரப் படங்களில் எந்தக் கை இருக்கிறதோ!

ஆனால் இந்தப் படங்களை அப்படியே நம்பி, "அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் உடுத்தினார்கள்" என்று சொல்லிவிடக்கூடாது. இதை எனக்குப் புரியவைத்தவர் என் வகுப்புத் தோழன் ஒருவனின் அம்மா. கோட்டூர்புரத்தில் வீட்டு மாடியில் பல வருஷம் தையல் வகுப்பு நடத்தியவர். பத்திரிகைகளில் வந்த ஜாக்கெட் கழுத்து, கை, எம்ப்ராய்டரி எல்லாவற்றையும் வெட்டி ஆல்பம் ஆல்பமாக ஒட்டி வைத்திருந்தார். நான் ஒரு பழைய விளம்பரத்தைப் பெருமையாக நீட்டினேன். மாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "இந்த ரவிக்கையை எந்தத் தையல்காரனாலும் தைக்க முடியாதுடா. தோள்ல தையலே இல்லை, கை எங்கேருந்து வர்றது? படம் போட்டவன் பென்சிலாலே தைச்சிருக்கான்" என்றார். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, நம் ஊரில் இந்த வெட்டித் துண்டுகளை உண்மையில் சேர்த்தவர்கள் இவரைப் போன்ற பெண்கள் என்று. கோலம், சமையல் குறிப்பு, பின்னல் என்று உபயோகத்துக்காகச் சேர்த்தார்கள். அதனால் அதை யாரும் 'சேகரிப்பு' என்று சொல்லவில்லை.

2015 டிசம்பர் முதல் வாரம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்துக்குள் புகுந்தபோது மாமியின் ஆல்பங்களும் பத்திரிகைக் கட்டுகளும் கீழ்த்தளத்து அலமாரியில் இருந்தன. தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் போக இரண்டு மூன்று நாளாயிற்று. நாங்கள் ஐந்தாறு பேர் போனோம். வழவழ தாளில் அச்சான ஆங்கில மகளிர் பத்திரிகைகளெல்லாம் செங்கல் மாதிரி ஆகியிருந்தன. அந்தத் தாளின் மேல் வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கிறது. நனைந்தால் பசையாகும், அடுக்கிலேயே காய்ந்தால் சிமெண்ட்தான். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளாகப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் உறைய வைக்க வேண்டும். கரண்டே இல்லாத ஊரில் எங்கே உறைய வைப்பது? வேடிக்கை என்னவென்றால், மட்டமான நியூஸ்பிரிண்டில் அச்சான நம் வாரப் பத்திரிகைகள் தப்பின. தாள் தாளாக எடுத்து, மொட்டை மாடியில் கொடி கட்டித் துணி மாதிரி உலர்த்தினோம். சுருங்கின, கறை பட்டன, ஆனால் படிக்க முடிந்தது. மாமி கொடியைப் பார்த்துவிட்டு, "காலணாப் புடவை சாயம் போகலை, பட்டுப்புடவை போயிடுத்து" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

மிஞ்சியவற்றை என்னிடம் கொடுத்துவிட்டார். பாதிக்குமேல் தேதி இல்லாத துண்டுகள். பத்திரிகைப் பெயரும் இல்லை. இங்கேதான் நம் தொழிற்புத்தி உதவியது. ஒரு நைலான் புடவை விளம்பரம். விலை 'ரூ. 38-50 ந.பை.' என்று இருக்கிறது. அணா போய்ப் புதுக்காசு வந்தது 1957 ஏப்ரலில். 'நயா' என்ற சொல்லை விட்டது 1964-இல். ஆகவே அந்த ஏழு வருஷத்துக்குள். கடை விலாசம் 'மெட்ராஸ்-17'. ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். மயிலாப்பூர் 4, தி.நகர் 17, அடையாறு 20 என்ற பழைய எண்கள் 600-க்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் 'பாவமன்னிப்பு' இப்போது நடைபெறுகிறது என்று பாதிப் படம். அது 1961-இல் வந்த படம். முடிந்தது கணக்கு. இதேபோல 'லீவர் பிரதர்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் 1956-க்கு முன்னால், 'ஹிந்துஸ்தான் லீவர்' என்றால் பின்னால். துதிக்கை வைத்த பழைய 'லை', 'னை' இருந்தால் அனேகமாக 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால். அதற்குப் பிறகும் சில அச்சகங்களில் பழைய அச்சு கொஞ்ச காலம் ஓடியது, ஆகவே இதைத் தனியாக நம்ப வேண்டாம். கெஜமா மீட்டரா என்று பார்ப்பதும் புடவை விஷயத்தில் செல்லாது. மெட்ரிக் முறை 1962-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. மடிசார் மட்டும் இன்றைக்கும் ஒன்பது கெஜம்தான்!

அதனால்தான் மாணவர்களுக்கு நான் சொல்வது, வெட்டாதீர்கள். பாதிச் சாட்சி பின்பக்கத்தில் இருக்கிறது. விளம்பரத்தை மட்டும் நறுக்கி, சட்டம் போட்டு விற்றால் முழுப் பத்திரிகையைவிட அதிக விலை கிடைக்கிறது; அமெரிக்காவில் 'லைஃப்' பத்திரிகையின் பழைய இதழ்களை இப்படித்தான் கூறு போட்டு விற்கிறார்கள். நம் ஊரிலும் அது ஆரம்பித்துவிட்டது, காபிக் கடைச் சுவரில் மாட்ட. எனக்கு அதில் சம்மதமில்லை. இதழை முழுசாக வையுங்கள், முழுப் பக்கத்தையும் ஓரத்தோடு ஸ்கேன் செய்யுங்கள், இரண்டு பக்கமும். பென்சிலால் தேதி எழுதுங்கள். செலோடேப் வேண்டாம், மஞ்சளாகிக் கசியும். லாமினேஷன் வேண்டவே வேண்டாம், பிரிக்க முடியாது. பெசன்ட் நகர்க் கடற்காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். மைதாப் பசைக்கு ராமபாணப் பூச்சி விருந்துக்கு வரும். தரைத்தளத்தில் வைக்கக்கூடாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்காக இதெல்லாம் என்றால், ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்கிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் சைன்போர்டு எழுதும் தொழில் செய்தவர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எறிவதையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது சுமார் ஒரு லட்சம் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியும் கடல் கடந்து கொண்டுபோகாமல், 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரில் நூலகமாக்கினார்கள். இன்று தரமணியில், அடையாறுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாணவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம், நம் கல்லூரி ஆண்டு மலர் பற்றி. நூலகத்தில் பைண்டு செய்து வைத்திருக்கும் பழைய மலர்களைப் போன மாதம் பார்த்தேன். முதல்வர் உரை இருக்கிறது, குரூப் போட்டோ இருக்கிறது, விளம்பரப் பக்கங்கள் ஒன்றுகூட இல்லை. விடுதிக்கு எதிரே இருந்த தையல் கடை, பெல்பாட்டம் தைத்துக் கொடுத்ததாக நம் சீனியர்கள் சொல்கிற அந்தக் கடை, கட்டாயம் கால் பக்க விளம்பரம் கொடுத்திருக்கும். யார் வீட்டுப் பரணிலாவது முழு மலர் இருந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள். வரவேற்பு மேசையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்து ஒரு மாதத்தில் திருப்பித் தருவேன், ரசீதும் உண்டு. இந்த வருஷ மலருக்கு விளம்பரம் சேகரித்த மாணவர்களும் அந்தப் பக்கங்களின் ஒரு பிரதியைத் தனியாக என்னிடம் கொடுத்துவிடுங்கள்.