புல்வெட்டும் யந்திரம் ஏன் ஜாம் ஆகிறது?

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தோட்டத்தில் புல் வெட்டவும், இலைநோய்க்குக் கந்தகத் தூள் ஊதவும், மருந்து தெளிக்கவும் இன்று நம் ஆட்கள் தோளில் மாட்டிக்கொண்டு போகிற யந்திரங்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் யந்திரங்கள். லாரி யந்திரத்துக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி உண்டு, இதற்குக் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிறோமே, அந்த எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பைத் தருகிறது. எண்ணெய் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றினாலும் யந்திரம் ஓடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் சூடேறிப் பருத்து, சிலிண்டரைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும்.

யந்திரம் நின்றால் பழி யார் மேல்? தூக்கியவன் மேல். சென்ற ஆண்டு ஒரு தோட்டத்தில் இப்படித்தான் நடந்தது. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். "முரட்டுத்தனமாக ஓட்டிக் கெடுத்துவிட்டான்" என்று சொல்லி ஒரு தோழரின் சம்பளத்தில் 180 வெள்ளி பிடித்துவிட்டார்கள். விசாரிக்கப் போனபோது, "கிராணியாரே, யந்திரத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று மண்டோர் கேட்டார். சைலன்சரைக் கழற்றச் சொன்னேன்.

சைலன்சரைக் கழற்றினால், புகை வெளியேறும் ஓட்டை வழியாகப் பிஸ்டனின் ஒரு பக்கத்தைப் பார்க்கலாம். மறுபக்கத்துக்கு கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும். புகை போகும் பக்கத்தில் மட்டும் கீறல் இருந்தால் பெரும்பாலும் சூடு மிஞ்சியிருக்கிறது. சிலிண்டரின் தகடுகளில் புல் அடைத்திருக்கலாம். கார்புரேட்டரில் அழுக்கேறிப் பெட்ரோல் குறைந்திருக்கலாம். கேஸ்கட்டோ ஆயில் சீலோ தேய்ந்து காற்று புகுந்திருக்கலாம். அப்போது ஸ்பார்க் பிளக்கின் முனையும் வெளுத்துக் கிடக்கும். நல்ல யந்திரத்தின் பிளக் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். காற்று வாங்கும் பக்கத்தில் மட்டும் பளபளப்புப் போய் மங்கித் தேய்ந்திருந்தால் தூசி போயிருக்கிறது. காற்று வடிகட்டியைப் பாருங்கள். பிஸ்டனின் இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எண்ணெய்ப் பஞ்சம்.

அந்தத் தோழரின் யந்திரத்தில் இரண்டு பக்கமும் கீறியிருந்தது.

அடுத்து, ஸ்டோர் புத்தகத்தைக் கேட்டேன். இது கிராணி வேலை, இதில் என்னை ஏமாற்ற முடியாது. இரண்டு வாரத்தில் 40 லிட்டர் பெட்ரோல் கொடுத்திருந்தார்கள். அந்த யந்திரத்தின் கையேட்டில் 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்று போட்டிருந்தது. ஆக 1,600 மில்லி எண்ணெய் போயிருக்க வேண்டும். புத்தகத்தில் இருந்ததோ 400 மில்லி. கலந்து கொடுத்தது ஸ்டோர், தோழர் கலக்கவில்லை. மண்டோர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

மேனேஜரிடம் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவைக் காட்டினோம். தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், முன்பணம், நோட்டீஸுக்குப் பதிலான தொகை போன்றவற்றைத்தான் நிர்வாகம் தானாகப் பிடிக்கலாம். ஜாம் ஆன யந்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. லேபர் ஆபீசுக்குப் போகாமலே அடுத்த சம்பளத்தில் 180 வெள்ளி திரும்பி வந்தது.

ஆனால் ஒவ்வொரு முறையும் பிஸ்டனைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டிருக்க முடியாது. யந்திரம் படுத்தால் நமக்கும் வேலை நாள் போகிறது. ஆகவே காலையில் பெட்ரோல் வாங்கும்போதே பாருங்கள். நெருப்பில்லாத இடத்தில், வெள்ளைக் காகிதத்தில் நாலு சொட்டு விடுங்கள். பெட்ரோல் ஆவியாகிப் போகும். எண்ணெய் இருந்தால் கறை தங்கும். கறையே இல்லையென்றால் தூக்காதீர்கள், மண்டோரிடம் சொல்லுங்கள். கறையை வைத்து அளவு மட்டும் தெரியாது. அதற்கு அளவுக் குப்பி வேண்டும்: 5 லிட்டருக்கு, 25க்கு 1 என்றால் 200 மில்லி, 50க்கு 1 என்றால் 100. எது என்பதை அந்தந்த யந்திரத்தின் கையேடு சொல்லும். எண்ணெய் கூடினால் நல்லதுதானே என்று சில பெரியவர்கள் தாராளமாக ஊற்றுகிறார்கள். வேண்டாம் ஐயா, கரி பிடிக்கும், பிளக் நனையும். லாரிக்கு ஊற்றுகிற எண்ணெயும் இதற்கு ஆகாது.

லாலான் வெட்டி முடித்ததும் யந்திரம் ஆறிய பிறகு தகடுகளில் ஒட்டிய புல்லைச் சுரண்டி எடுங்கள். ஓட்டும்போது கைப்பிடியை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் யந்திரம் கத்தினால் உடனே அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு வரிசை வெட்டிவிடலாம் என்று பார்த்தால் பிஸ்டன் போய்விடும். அணைத்த நேரத்தையும், யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள்; எழுத வராதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

இதோ இந்த மேசைமேல் மூன்று பழைய பிஸ்டன்கள் இருக்கின்றன. ஒன்று எண்ணெய் இல்லாமல் போனது, ஒன்று சூட்டில் போனது, ஒன்று தூசியில் போனது. எது எது என்று நான் சொல்லப்போவதில்லை. கூட்டம் முடிந்ததும் வந்து கையில் எடுத்துப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.