நாற்பது கழியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

(மகளிர் நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத பெண், "மூச்சு வாங்குது, படுக்க முடியல" என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும், நாற்பது கழியட்டும்" என்கிறோம். பெரும்பாலும் அது வெறும் களைப்புதான். ஆனால் சிலருக்கு, இதயத் தசை பலம் குறைந்து இரத்தத்தைச் சரிவரத் தள்ள முடியாமல் போகும் நோயாக அது இருக்கும். கர்ப்பத்தின் கடைசி நாட்களிலோ பிரசவமான சில மாதங்களுக்குள்ளோ இந்நோய் வருகிறது. சீக்கிரம் கண்டறிந்தால் மருந்திலேயே பலர் தேறிவிடுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்நோயை உறுதி செய்ய எக்கோ பரிசோதனை வேண்டும். பிரசவித்த எல்லோருக்கும் எக்கோ எடுப்பது நடக்கிற காரியமன்று. யாருக்கு எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் செயற்கை நுண்ணறிவு இப்போது உதவ வந்திருக்கிறது.

பல்லாயிரம் பேருடைய ஈ.சி.ஜி.யையும் அவர்களுடைய எக்கோ முடிவையும் சேர்த்துக் கொடுத்து, அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் கணினியைப் பழக்கினார்கள். நம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் ஈ.சி.ஜி.யிலும் இதயத்தின் பலவீனத்தை அது அடையாளம் காண்கிறது. இதை அவர்கள் 2019இல் வெளியிட்டார்கள்.

இந்நோய் அதிகம் காணப்படும் நாடுகளுள் நைஜீரியாவும் ஒன்று. அங்கே கர்ப்பிணிகளையும் பிரசவித்த பெண்களையும் இரண்டு பிரிவாக்கி ஆய்வு செய்தார்கள். முடிவு 2024இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பில் 608 பேரில் 12 பேருக்கு இதய பலவீனம் தெரியவந்தது. ஈ.சி.ஜி.யும் பதிவு செய்யும் டிஜிட்டல் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்த பிரிவில் 587 பேரில் 24 பேருக்குத் தெரியவந்தது. ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கருவி சந்தேகத்தைத்தான் சொல்லும். அது சுட்டிக்காட்டிய எல்லோருக்கும் நோய் இருப்பதில்லை. அது ஒன்றும் சொல்லாததால் நோய் இல்லை என்றும் ஆகாது. உறுதி செய்வது எக்கோவும் மருத்துவரும்தான்.

அந்தக் கருவி நம் ஊர் மருத்துவமனைக்கு எப்போது வந்தாலும் வரட்டும். அதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியவர்கள் வீட்டிலிருக்கும் நாம்தான். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, இரவில் இருமல், நாளுக்கு நாள் கூடும் கால் வீக்கம், படபடப்பு: இவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "பிரசவமாகி இத்தனை நாள்" என்பதை முதலில் சொல்லுங்கள். மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தால் 108ஐ அழையுங்கள்.

செலவையோ துணைக்கு ஆளில்லாததையோ நினைத்துத் தயங்காதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள், வண்டியும் ஆளும் ஏற்பாடு செய்கிறோம். ஒரு பச்சைக் குழந்தை தாயை இழக்காமலிருக்க நாம் செய்ய வேண்டியது அவள் சொல்வதை நம்புவதுதான்.