இருபத்தொரு நாள்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கதை என்றாலும் நடந்தது. அதில் தப்பு செய்தவள் நான்.

சில வருடங்களுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் தாத்தா என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். திண்டுக்கல்லுக்கு மேற்கே ஒட்டன்சத்திரம் போகும் பக்கத்து ஊர். கையில் நாலாக மடித்த செய்தித்தாள். "டீச்சரம்மா, நம்ம ஊர் பேரு இதுல போட்டிருக்கு. என்னன்னு பாருங்க" என்றார். பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. நெடுஞ்சாலையை அகலப்படுத்த நிலம் எடுப்பது பற்றிய மத்திய அரசின் அறிவிப்பு. புல எண், உட்பிரிவு, நிலத்தின் வகை, பரப்பு என்று நீளமான அட்டவணை. யாருடைய பெயரும் அதில் இல்லை.

பிரேயர் மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இது சும்மா பொதுவான அறிவிப்பு தாத்தா. உங்க பேரு இதுல இல்ல. உங்க நிலத்தை எடுக்கிறதா இருந்தா வீட்டுக்குத் தனியா நோட்டீஸ் வரும், அப்பப் பாத்துக்கலாம்" என்றேன். அவரும் நிம்மதியாகப் போய்விட்டார். சமூக அறிவியல் டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

அது 3ஏ அறிவிப்பு. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956இல் 3ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. 'இந்த நிலத்தை எடுக்க நினைக்கிறோம்' என்று மத்திய அரசு முதன்முதலில் சொல்லும் இடம் அது. அரசிதழில் வெளியிட வேண்டும். அதன் சாரத்தை உள்ளூரில் வரும் இரண்டு செய்தித்தாள்களில் போட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழித் தாளாக இருக்க வேண்டும். அடுத்தது 3சி. ஆட்சேபணை இருந்தால் 21 நாட்களுக்குள் உரிய அதிகாரியிடம் எழுத்தில் கொடுக்கலாம். அவர் நேரில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். நாமே போகலாம், வக்கீலையும் அனுப்பலாம். அந்த 21 நாள் போய்விட்டால் அந்தக் கதவு மூடியதுதான். நாளை எதிலிருந்து எண்ணுவது, அரசிதழில் வந்த நாளா, பத்திரிகையில் வந்த நாளா என்று வக்கீல்கள் வாதாடலாம். நம்மிடம் ஒருவர் கேட்டால், எது முந்தியதோ அதை வைத்தே சொல்லுங்கள்.

பெயர் ஏன் இல்லை? இந்தக் கட்டத்தில் வரும் பட்டியல் பெரும்பாலும் புல எண்ணோடு நின்றுவிடும். சொந்தக்காரர் பெயர் அடுத்த கட்டமான 3டி அறிவிப்பில்தான் வரும். பெயர் வரும் நேரத்தில் நிலம் கையை விட்டுப் போயிருக்கும். தாத்தாவுக்கு அதுவும் வரவில்லை. பட்டா இறந்துபோன அவர் அப்பா பெயரிலேயே இருந்தது. இது எத்தனை வீட்டில் இருக்கிறது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டாலே தெரியும்.

விஷயம் எனக்குப் புரிந்தபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. அவர் வீட்டுக்கே போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் கோபப்படவில்லை. "ரோடு வேண்டாம்னு சொல்லிருக்க மாட்டேன் டீச்சரம்மா. பஸ்ஸு போற ரோடுதான. கெணத்த மட்டும் விட்டுட்டுக் கொஞ்சம் ஒதுங்கிப் போகுமான்னு ஒரு வார்த்த கேட்டிருப்பேன்" என்றார். கேட்டிருந்தால் ஒதுங்கியிருக்குமா? அநேகமாக ஒதுங்கியிருக்காது. ஆனால் கேட்பதற்குச் சட்டம் கொடுத்த நாட்களை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அந்தச் சட்டப் பிரிவுகளைப் படித்தேன். மொத்தமே சில பக்கங்கள். பத்தாம் வகுப்புக் குடிமையியல் பாடத்தைவிடக் கடினம் என்று சொல்ல மாட்டேன்.

நம் மாவட்டத்தின் குறுக்கே இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் போகின்றன. ஒன்று 44, மற்றொன்று பழனி, ஒட்டன்சத்திரம் வழியாகத் திருச்சிக்குப் போகும் 83. நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை என்று எந்தப் பக்கம் வேலை பார்த்தாலும், சாலைக்கோ மின்கோபுரத்துக்கோ நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை நம் வகுப்பில் இருக்கும். அதோடு கிசான் தொகை, ஆதார், நூறு நாள் வேலை அட்டை, கல்வி உதவித்தொகை எல்லாம் டெல்லியிலிருந்து வரும் காகிதங்கள். அவை ஊருக்குள் வந்ததும் முதலில் யார் கைக்குப் போகின்றன? ஒன்று கம்ப்யூட்டர் சென்டர், இன்னொன்று நாம். கம்ப்யூட்டர் சென்டரில் காசு வாங்குகிறார்கள். நாம் காசு வாங்குவதில்லை, ஆனால் அன்றைக்கு நான் சொன்னதைப் போல அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

இது நம் வேலையா என்று சிலர் கேட்பீர்கள். ஏற்கெனவே இருக்கிற பதிவேடுகள் போதாதா என்பீர்கள். நியாயம்தான். நாம் அரசு ஊழியர்கள், மத்திய அரசு அறிவிப்பைப் பற்றிப் பேசி வம்பில் மாட்டுவானேன் என்றும் ஒரு பயம் இருக்கிறது. ஒரு அறிவிப்பை விளக்குவது அதை எதிர்ப்பதாகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் பிரிவு 4(4)ஐப் படித்துப் பாருங்கள். தகவலைப் பரப்பும்போது வட்டார மொழியையும், அந்தப் பகுதியில் எந்த வழி மக்களைச் சென்றடையுமோ அதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. அரசு தானே ஏற்றுக்கொண்ட கடமை அது. நாம் அதற்குக் கைகொடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் சட்டத்தில் இருப்பதும் நடைமுறையில் நடப்பதும் வேறு. ஆட்சிமொழிகள் சட்டம் 1963இன்படி மத்திய அரசின் அறிவிப்புகள் இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் வர வேண்டும். தமிழ் அந்தக் கட்டாயத்தில் இல்லை. 2020இல் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை, ஊரடங்கு நேரத்தில், வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30ஆம் தேதி, கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் 10 நாட்களுக்குள் மொழிபெயர்க்கவும் சொன்னது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வரைவில் இருந்த ஒரு மாற்றம், பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன் தரும் அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைப்பது. தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறு கெட்ட கதை தெரிந்த திண்டுக்கல்காரருக்கு இதைவிட நெருக்கமான செய்தி ஏது? ஆனால் அதை நம்மில் எத்தனை பேர் அப்போது படித்தோம்? நான் படிக்கவில்லை.

அமெரிக்காவில் 2010இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அரசு அலுவலகங்கள் பொதுமக்களுக்கு எழுதுவதை அவர்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று. நம்மிடம் அப்படி ஒன்று வரும்வரை காத்திருக்க முடியாது.

மொழிபெயர்த்து வந்தாலே புரிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். செய்தித்தாளில் வந்தது தமிழில்தானே! நான் தமிழ் படித்தவள்தானே! சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 3டி அறிவிப்பு வந்ததும் நிலம் 'அனைத்து வில்லங்கங்களும் நீங்கி' மத்திய அரசைச் சேரும் என்று எழுதுவார்கள். சட்டத்தில் வில்லங்கம் என்றால் அந்த நிலத்தின் மேல் வேறு யாருக்கும் உள்ள பாத்தியதை, அடமானம் போன்றவை. ஊரில் வில்லங்கம் என்றால் சண்டை, தொந்தரவு. தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் வரப்புத் தகராறு இருந்தது. அந்த வரியை வாசித்துக் காட்டியபோது, "வில்லங்கமெல்லாம் நீங்கிருச்சுன்னு கவர்மெண்டே போட்டுட்டானா? நல்லதாப் போச்சு" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் படித்தது சரியான தமிழ்.

பரப்பும் அப்படித்தான். அட்டவணையில் 0.0810 எக்டேர் என்று இருந்தது. பூஜ்யத்துக்குப் பிறகு ஒரு பூஜ்யம், ஏதோ கைக்குட்டை அளவு என்று அவர் நினைத்திருந்தார். ஒரு எக்டேர் 2.471 ஏக்கர். பெருக்கிப் பார்த்தால் 20 சென்ட்! கிணறும் தென்னையும் இருக்கிற 20 சென்ட். தசம எண் நடத்தும் கணக்கு ஆசிரியர்களே, இதைவிட நல்ல கணக்கு எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

அதன் பிறகு வகுப்பில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மாதத்துக்கு ஒரு அறிவிப்பு. வீட்டுக்கு வந்த கடிதம், தபால் அலுவலகத்தில் ஒட்டியது, செய்தித்தாளில் வந்தது, எதுவானாலும் சரி. பிள்ளைகள் கொண்டுவருவார்கள். முதலில் அதில் இருக்கிற தேதிகளுக்கெல்லாம் அடிக்கோடு. பிறகு யார் சொல்கிறார்கள், யாருக்குச் சொல்கிறார்கள், நாம் ஏதாவது செய்ய வேண்டுமா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பேசுவோம். கடைசியில் அதைப் பாட்டியிடம் சொல்வதுபோல எழுத வேண்டும். பாட்டி திருப்பிச் சொன்னதையும் கீழே எழுதிக்கொண்டு வர வேண்டும். விஷயமே இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. பிள்ளை அழகாக எழுதியிருக்கும், பாட்டி வேறு என்னவோ புரிந்துகொண்டிருப்பார். அப்போது திருத்த வேண்டியது பாட்டியை அல்ல.

ஆறாம் வகுப்புக்கு இதைச் செய்ய முடியுமா என்றால், அஞ்சல் அட்டை அளவில் செய்யலாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பெற்றோர் கூட்டத்தில் ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்கினாலே போதும். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்குக் கணக்கீட்டுப் படிவத்தோடு வீடு வீடாகப் போனவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். 'கணக்கீடு' என்றால் என்ன கணக்கு என்று வாசலில் நின்று எத்தனை முறை சொன்னீர்கள்! அந்த அனுபவமே பயிற்சிதான்.

எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் வக்கீல் இல்லை. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லலாம். வழக்குப் போடு, போடாதே, கையெழுத்துப் போடு என்பதெல்லாம் நம் வேலை அல்ல. நான் செய்த தப்பு தெரியாதது அல்ல. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது. "எனக்குத் தெரியல தாத்தா, நாளைக்கு வாங்க, படிச்சு வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் இருபது நாளாவது மிச்சமிருந்திருக்கும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது, தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள் என்பதையாவது சொல்லி அனுப்பலாம்.

தாத்தா விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இழப்பீட்டுக்கான 3ஜி அறிவிப்பு வந்தபோது நாங்கள் விழித்துக்கொண்டிருந்தோம். அதுவும் செய்தித்தாளில்தான் வரும். விலை போதாது என்பதையெல்லாம் சொல்ல வேண்டிய இடம் இதுதான். பலர் அதை முதல் ஆட்சேபணையிலேயே எழுதிவிட்டு இங்கே சும்மா இருந்துவிடுகிறார்கள். 2015 முதல் நெடுஞ்சாலை நிலத்துக்கும் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறைதான். மரம், கிணறு எல்லாம் கணக்கில் வரும், அதற்கு மேல் அந்தத் தொகைக்குச் சமமாக ஆறுதல் தொகையும் உண்டு. வாரிசுச் சான்று வாங்கினார். அளவெடுத்த கணக்கில் ஏழு தென்னை இருந்தது, நிலத்தில் பதினொன்று. பேத்தி ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பில் எண் போட்டாள். அந்த நாலு மரமும் பிறகு கணக்கில் ஏறியது. கிணறு போய்விட்டது. இப்போது அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது, எந்த இடம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

போன வருடம் ஒரு மாணவனிடம் அந்தப் பழைய 3டி அறிவிப்பைக் கொடுத்து, வில்லங்கம் வருகிற வரியைப் பாட்டிக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொன்னேன். அவன் எழுதியது இது: "இன்றைக்கிலிருந்து இந்த நிலம் நம்முடையது இல்லை. பணம் இன்னும் வரவில்லை." நான் அதில் ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. பணத்தைச் செலுத்திய பிறகுதான் நிலத்தை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க முடியும், அதற்கும் 60 நாள் உண்டு என்பதை மட்டும் கீழே சேர்க்கச் சொன்னேன்.