பண்டிகைக் காலமும் எமது சுகமும்

(சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர் களுவாஞ்சிக்குடியில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், எமது வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை.)



இந்த உரையை நாங்கள் ஆறு பேர் கூடியிருந்து எழுதினோம். எங்களில் இருவர் தாதியர்களாகக் கடமை செய்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவர். மற்ற மூவரும் ஆசிரியைகள், இல்லத்தரசிகள். ஆகவே இதில் வைத்தியசாலையில் கண்டதும் இருக்கிறது, அடுப்படியில் கண்டதும் இருக்கிறது.

புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு கிழமைதான். வீடு கழுவ வேண்டும், அரிசி ஊறவைத்து மா இடித்து வறுக்க வேண்டும், பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வேண்டும். இந்த நேரத்தில் சுகாதாரம் பற்றிப் பேச எழுந்தால், "பலகாரம் சாப்பிடாதே என்று சொல்லப்போகிறார்கள்" என்று நீங்கள் முகம் சுளிப்பீர்கள். அதைச் சொல்ல நாங்கள் வரவில்லை. பலகாரம் சுடும் பெண்ணைப் பற்றிச் சொல்லவே வந்தோம்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். வலைப்பந்தாட்டத்தில் அவள் நின்றால் பந்து எங்களுக்குத்தான். பின்னாளில் நான்கு பிள்ளைகளை வளர்த்து, மாமன் மாமியையும் கடைசிவரை பார்த்தவள். சில வருடங்களுக்கு முன்னர், சித்திரைக்கு முதல் நாள், காலையிலிருந்தே அவளுக்கு ஒரே களைப்பு. முதுகிலும் தாடையிலும் ஒருவித இறுக்கம். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கியது. மகள் கேட்டதற்கு, "வாயுதான் பிள்ளை, இஞ்சி அவித்துக் குடித்தால் சரி" என்றாள். அரியதரம் பாதி சுட்டபடி இருந்தது, முறுக்குக்கு மா குழைத்தபடி இருந்தது. இரவு பதினொரு மணிவரை அடுப்படியில்தான் நின்றாள். மறுநாள் விடிய எல்லோரும் மருத்துநீர் வைக்க எழும்பினார்கள். அவள் எழும்பவில்லை. அப்போது அவளுக்கு வயது 52.

நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைத் தேடி எடுத்தபோது, அணிப் படத்தில் நடுவில் பந்தைப் பிடித்தபடி அவள் இருந்தாள். அதைப் பார்த்த பின்புதான் இந்த உரையின் பொருள் என்னவென்று முடிவு செய்தோம்.

மாரடைப்பு என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதையே நாம் நினைக்கிறோம். நெஞ்சு நோவு பெண்களுக்கும் வரும். ஆனால் பெண்கள் பலருக்கு அது வேறு முகத்தோடும் வரும்: காரணமில்லாத களைப்பு, மூச்சு வாங்குதல், தாடை, கழுத்து, முதுகு, தோள் ஆகியவற்றில் நோவு, ஓங்காளம், குளிர்ந்த வியர்வை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நோவே தெரியாமலும் வரலாம். "வாயு" என்ற சொல் எங்கள் பெண்களில் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறது என்பதை வாட்டுகளில் வேலை செய்த நாங்கள் அறிவோம். இப்படியான குணங்குறிகள் வந்தால் பலகாரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்குக் கட்டணம் இல்லை. களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைக்குப் புத்தாண்டு விடுமுறை கிடையாது. வெல்லாவெளி, போரதீவுப் பக்கம் இருப்பவர்கள் வாவியைக் கடந்து பட்டிருப்புப் பாலத்தால் வரவேண்டியவர்கள். அவர்கள் இன்னும் முந்தியே அழைக்க வேண்டும். "விடியட்டும் பார்ப்போம்" என்ற பேச்சு வேண்டாம். இதயத்துக்கு இரத்தம் போகாத ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது குளிசை. சித்திரையில் 13ஆம், 14ஆம் திகதிகள் வழக்கமாக விடுமுறை. அதோடு சனி, ஞாயிறும் சேர்ந்துவிட்டால் கிளினிக் நாள் தவறிப்போகும். ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் கிளினிக் கொப்பியை எடுத்துத் திகதியைப் பாருங்கள். குளிசையை எண்ணுங்கள். பத்து நாளைக்குக் காணாது என்றால் இப்போதே ஒழுங்கு செய்யுங்கள். உறவினர் வீட்டுக்குப் போகும்போது புதுச்சேலையை மடித்து வைக்கும் பையில் குளிசைப் பையையும் வையுங்கள். பிரஷர் குளிசையை இரண்டு மூன்று நாள் விட்டால் ஒன்றும் தெரியாது என்பதுதான் அதன் ஆபத்து. தலை சுற்றாது, நோகாது, ஆனால் பிரஷர் ஏறிக்கொண்டே இருக்கும்.

குளிசை எடுக்காதவர்களும் "எனக்கு ஒன்றுமில்லை" என்று இருந்துவிடக் கூடாது. இலங்கையில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்வொன்றில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 23 வீதமானவர்களுக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நான்கு பேர் இருக்கும் வாங்கில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 வயதைக் கடந்தவர்களுக்குச் சுகவாழ்வு நிலையங்களில் இரத்த அழுத்தமும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். பெண்களுக்கென்றே சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. மார்பகப் பரிசோதனையும், 35, 45 வயதுகளில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் அங்கே உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். அரியதரம், முறுக்கு, பயற்றம் பணியாரம், எருமைத் தயிர் எல்லாம் எங்கள் ஊரின் செல்வங்கள். அவற்றை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். விருந்தாளி வந்தவுடன் உடைக்கும் சோடாப் போத்தலில் ஒரு வட்டம் போட்டிருக்கும். 2016ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் இது சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் வட்டம் சிவப்பு. 2 முதல் 11 வரை என்றால் செம்மஞ்சள். 2க்குக் குறைவென்றால் பச்சை. சிவப்பு வட்டமுள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 44 கிராமுக்கு மேல், அதாவது ஒன்பது தேக்கரண்டி அளவு சீனி இருக்கிறது. ஒரு வீட்டில் அரைப் போத்தல், அடுத்த வீட்டில் அரைப் போத்தல் என்று குடித்துவிட்டு, "நான் ஒரு அரியதரம்தான் தின்றேன்" என்று கிளினிக்கில் சொல்கிறோம். பலகாரத்தை ருசித்துச் சாப்பிடுங்கள், குடிப்பதற்குத் தண்ணீரோ மோரோ கேளுங்கள். விருந்தாளிக்கும் அதையே கொடுங்கள். இளநீரும் நல்லதுதான், ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் கூடாது. அவர்கள் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

விருந்து செய்யும் பெண்ணின் சாப்பாடு வேறு. காலையில் ஒரு தேத்தண்ணி, உப்புப் பார்க்கிறேன் என்று ஒரு துண்டு முறுக்கு, பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு சட்டியில் மிஞ்சியது. சீனிக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்து. மருந்து உள்ளே போய்விட்டது, சோறு போகவில்லை. கை நடுங்கும், வியர்க்கும், கண் மங்கும், பேச்சுத் தடுமாறும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் பார்த்து, பிறகு சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். விரதங்களுக்கும் இது பொருந்தும். கந்தசஷ்டி, கேதார கௌரி, பெருங்கதை, திருவெம்பாவை என்று எங்கள் வருடத்தில் விரதங்களுக்குக் குறைவில்லை. விரதம் தொடங்குவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே டொக்டரிடம் சொல்லி, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கேளுங்கள். தானாக மருந்தை நிறுத்துவதும் பிழை, மருந்தை எடுத்துக்கொண்டு பட்டினி கிடப்பதும் பிழை. மருந்துக்காக ஒரு கவளம் சாப்பிட்டதற்கு அம்மன் கோபிக்க மாட்டாள்.

கோயில் என்றதும் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணகை அம்மன் சடங்கு, மண்டூர்த் திருவிழா, கதிர்காமப் பாதயாத்திரை எல்லாவற்றுக்கும் வெறுங்காலோடு போகிறோம். சீனி வருத்தத்தில் பாதம் மரத்திருந்தால் சுடுமணல் சுட்டதும் தெரியாது, முள் ஏறியதும் தெரியாது. ஒரு சின்னக் கொப்புளத்தில் தொடங்கி விரலையும் காலையும் இழந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கோயிலால் வந்ததும் கால் கழுவித் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதம் மரத்தவர்கள் நேர்த்தியை வேறு வகையில் நிறைவேற்றலாம்.

காய்ச்சலைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். தைப்பொங்கலும் திருவெம்பாவையும் எங்கள் மாரிகாலத்தோடு வருபவை. டெங்குவும் அப்போதுதான் கூடும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் போதும். இபுபுறூபன், டைக்குளோபெனக் போன்ற நோவுக் குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று நோவும் சத்தியும் வந்தால், அதுதான் மோசமான கட்டம். 2021ஆம் ஆண்டுச் சித்திரைக்குப் பின்னர் நாடு முழுவதும் கொரோனா பரவியதையும் அதைப் "புத்தாண்டுக் கொத்தணி" என்று அழைத்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். இருமலும் தடிமனும் இருந்தால் அம்மம்மாவைக் கொஞ்சுவதை ஒரு கிழமை தள்ளிவைப்பதும் அன்புதான்.

இவை எல்லாம் தெரியாதவையல்ல. தெரிந்தும் ஏன் செய்வதில்லை என்று நாங்கள் ஆறு பேரும் கதைத்தோம். நேரமில்லை என்பதுதான் எல்லோருடைய பதிலும். அப்படியானால் மருந்து அடுப்படியிலேயே இருக்கிறது: வேலையைப் பங்கிடுங்கள். முன்னொரு காலத்தில் மா இடிக்க அயல் வளவுப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ஒரு வீட்டுப் பலகாரம் ஐந்து கைகளால் ஆனது. இன்று உரல் போய் மில் வந்துவிட்டது, கைகள் குறைந்துவிட்டன. அக்கா தங்கை, மச்சாள்மார் மூன்று வீட்டார் சேர்ந்து ஒருவர் முறுக்கு, ஒருவர் அரியதரம், ஒருவர் பணியாரம் என்று சுட்டு மாற்றிக்கொள்ளுங்கள். தேங்காய் துருவ மகனுக்கும் கை இருக்கிறது. பாத்திரம் கழுவ மருமகனுக்கும் கை இருக்கிறது. இரவு பத்து மணிக்கு அடுப்பை அணையுங்கள். ஏழு மணித்தியால நித்திரையைப் போல மலிவான மருந்து வேறில்லை. ஐந்து வகைப் பலகாரம் மூன்றாகக் குறைந்ததற்காக எந்த விருந்தாளியும் எழும்பிப் போனதில்லை.

வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் சகோதரிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வரும்போது பெட்டி நிறையச் சொக்லேட் கொண்டுவருகிறீர்கள். சீனி வருத்தமுள்ள அம்மா, நீங்கள் தந்ததற்காகவே அதைச் சாப்பிடுவா. அதற்குப் பதிலாகப் பிரஷர் பார்க்கும் கருவியோ மெத்தென்ற செருப்போ கொண்டுவாருங்கள். உங்கள் மருந்துகளைக் கைப்பையில், மருந்துச் சீட்டோடு கொண்டுவாருங்கள். புத்தாண்டன்று தொலைபேசியில் "அம்மா சுகமா?" என்று கேட்டால் "சுகம்" என்றுதான் பதில் வரும். எல்லாத் தாய்மாருக்கும் அந்த ஒரு பதில்தான் தெரியும். "குளிசை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு? கடைசியாக எப்ப கிளினிக் போனீங்க? இரவு எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" என்று கேளுங்கள். அதற்குப் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

புத்தாண்டன்று விடிய மூத்தவர்கள் இளையவர்களின் தலையில் மருத்துநீர் வைத்து விடுவது எங்கள் வழக்கம். மஞ்சள், மிளகு, துளசி, வில்வம், அறுகு எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய நீர். வருடத்தின் முதல் வேலையே உடம்பைப் பேணுவதுதான் என்று முன்னோர் வைத்திருக்கிறார்கள். பல வீடுகளில் எல்லோருடைய தலையிலும் அதை வைத்து முடித்த அம்மா, சட்டியின் அடியில் மிஞ்சியதைத் தன் தலையில் தடவிக்கொண்டு அவசரமாகக் குளித்துவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறா. இந்த வருடம் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். முதல் மருத்துநீர் அம்மாவின் தலைக்கு. மூத்தவர்தான் வைக்க வேண்டுமென்றால் அம்மம்மா வைக்கட்டும், அக்கா வைக்கட்டும், அயல் வீட்டு மாமி வைக்கட்டும்.

நூறு வருடங்களாக இந்தப் பாடசாலை எங்களுக்குக் கணக்கும் தமிழும் கற்பித்தது. வரிசையில் நின்றால் வலப்பக்கமும் இடப்பக்கமும் இருப்பவளைப் பார்த்துக்கொள்ளவும் கற்பித்தது. அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். இன்று உங்கள் பக்கத்தில் இருக்கும் தோழியிடம், போவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உன்ர சுகத்தைக் கடைசியாக எப்ப பார்த்தாய்?" எங்கள் தோழியிடம் நாங்கள் அதைக் கேட்கவில்லை.

எல்லோருக்கும் எமது புத்தாண்டு வாழ்த்துக்கள். அடுத்த ஒன்றுகூடலில் ஒருவரும் குறையாமல் சந்திப்போம்.