உள்ளே சென்ற நீர்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டியிருப்பது உதியன்குளங்கரை. 1956-இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபொழுது கேரளத்தில் நின்றுவிட்ட நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. என் அத்தை அங்கேதான் வாழ்கிறார்.

அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரந்தோறும் இயந்திரத்தை நாடிச் செல்வது அரிதாகவே, வீட்டிலேயே செய்துகொள்ளும் பெரிட்டோனியல் டயாலிசிஸை மருத்துவர் பரிந்துரைத்தார். வயிற்றில் பதித்த மென்குழாய் வழியே மருந்து நீரைச் செலுத்தி, சில மணி நேரம் தேக்கி, கழிவுடன் வடித்துவிடுவது இம்முறை. அக்குழாயின் இன்றைய வடிவத்தை 1968-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் உருவாக்கியவர் ஹென்றி டென்காஃப்.

ஓரிரவு, உள்ளே சென்ற இரண்டு லிட்டரில் பாதிதான் திரும்பிற்று. 'குழாய் கெட்டுப் போயிற்று, மறுபடியும் அறுவைதான்' என்று அத்தை கலங்கிவிட்டார். தொலைபேசியில் செவிலியர் கேட்டது ஒரே கேள்வி: "நீர் உள்ளே தாராளமாகப் போயிற்றா, அம்மா?"

மொழிபெயர்ப்பாளனாகிய நான் அரசுக் கோப்புகளில் 'அடைப்பு' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் கடந்துவிடுவேன். மருத்துவத்தில் அது போதாது. போக்கும் வரவும் இரண்டுமே தடைப்பட்டால், கவ்வி மூடியிருக்கலாம், குழாய் மடங்கியிருக்கலாம், ஃபைப்ரின் என்னும் வெண்ணிற நார்த்திரள் உள்ளே அடைத்திருக்கலாம். எளிதில் போய், வர மட்டும் மறுத்தால், முதலில் ஐயுற வேண்டியது மலச்சிக்கல். நிறைந்த குடல் குழாயை நெருக்கும். இடுப்பெலும்புக் குழிக்குள் கிடக்க வேண்டிய நுனியை இடம்பெயர்த்தும் விடும். குடலைப் போர்த்திய கொழுப்புப் படலம் நுனியைச் சுற்றிக்கொள்வதும் உண்டு. குழாய் வயிற்றைத் துளைத்த இடத்தில் ஈரமோ, தொடையிடுக்கில் வீக்கமோ தோன்றினால் அது அடைப்பன்று, கசிவு.

அத்தைக்கு நீர் எளிதில் போயிருந்தது. மலங்கழித்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன என்பதைக் கூச்சத்தால் அவர் சொல்லவில்லை! எழுந்து நடக்கச் சொன்னார் செவிலியர். புரண்டு படுக்கச் சொன்னார். மருத்துவரைக் கேட்டு மலமிளக்கியும் தந்தார். தேங்கிய நீரின்மேல் புதுநீர் ஏற்றவும், ஊசிக்குழலால் அழுத்திப் பார்க்கவும் கண்டிப்பாகத் தடுத்தார். வடியும் நீர் கலங்கியிருந்தாலோ, காய்ச்சலும் வயிற்றுவலியும் கண்டாலோ, அது தொற்றாக இருக்கக்கூடும் என்றும், பொழுது விடியக் காத்திராமல் மருத்துவமனைக்கு வரவேண்டும் என்றும் எச்சரித்தார்.

மறுநாள் மாலை குடல் இளகியது; நீரும் வடிந்தது. வடியாதிருந்தால் எக்ஸ்ரே எடுத்து நுனியின் இடத்தைப் பார்த்திருப்பார்கள். அதன்பிறகே கம்பிகொண்டோ, லாப்ராஸ்கோப்பி வழியாகவோ குழாயைச் சீர்செய்யும் பேச்சு.

இப்பொழுது அத்தையின் நோட்டுப் புத்தகத்தில் சென்ற நீர், வந்த நீர் என்ற இரண்டு பத்திகளுக்கு அருகே மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதற்கு அவர் தலைப்பு இடவில்லை.